அரைக் கிலோ வெள்ளை மாவு

அக்காவின் குழந்தைக்கு அப்போது நான்கு மாதம். டயாப்பர் கட்டும் இடத்தில் தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. இரவு பதினொரு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வந்தது. "தம்பி, உங்க ஃபேக்டரியில ஜிங்க் ஆக்ஸைடு மூட்ட மூட்டயா கெடக்குன்னு சொன்னல்ல? ஒரு அரைக் கிலோ கொண்டு வா. நானே கிரீம் செஞ்சிக்கிறேன். தேங்காண்ணெ, தேன்மெழுகு எல்லாம் வாங்கி வச்சிட்டேன். மிச்சம் இருந்தா எனக்கு சன்ஸ்கிரீனும் ஆச்சு."

அவள் கேட்டதில் தவறே இல்லை. நான் கிள்ளான் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், கலவைப் பிரிவில் எஞ்சினியர். ரப்பர் பாலில் கந்தகத்தோடு துத்தநாக ஆக்ஸைடையும் சேர்ப்பது என் அன்றாட வேலை. 25 கிலோ காகித மூட்டைகளில் வரும். பார்த்தால் அசல் கோதுமை மாவு. வாசனை இல்லை. கையில் பட்டால் எவ்வளவு கழுவினாலும் விரல் ரேகைக்குள் வெள்ளையாக நின்றுகொண்டிருக்கும். மருந்துக்கடையில் விற்கும் டயாப்பர் கிரீம் டியூபைத் திருப்பிப் படித்தால் அங்கேயும் இதே பெயர்தான் இருக்கிறது.

பிறகு ஏன் தயங்கினேன் என்றால், மூட்டையின் மேல் 'ரப்பர் கிரேட்' என்று அச்சிட்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்து, அதன்பின் ஐந்து வருடம் வேலை பார்த்தும், அந்த இரண்டு சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. 'சரி, பார்ப்போம்' என்று அன்றிரவு தேட ஆரம்பித்தேன். மூட்டையிலிருந்து தொடங்கியது, ரோமானியர் காலத்து உலை ஒன்றின் கூரை வரை போய்விட்டது.

*

துத்தநாகத்தின் கதை புகையில்தான் தொடங்குகிறது.

காரணம் எளிது. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். ஆனால் அதன் கனிமத்தைக் கரியோடு சேர்த்து உலோகமாகப் பிரிக்க அதைவிட அதிகச் சூடு வேண்டும். அதனால் செம்பையும் ஈயத்தையும் போல உலையின் அடியில் உருகி ஓடி வராது. பிறக்கும்போதே ஆவியாகப் பிறந்து மேலே போகும். காற்றைத் தொட்டதும் எரிந்து, பஞ்சுபோல வெள்ளையாகச் சுவரில் படியும். அந்தப் பஞ்சுதான் துத்தநாக ஆக்ஸைடு. ஆக, மனிதன் துத்தநாகத்தை உலோகமாகக் கையில் பிடிப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதன் சாம்பலைச் சுரண்டி மருந்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டான்.

கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். உலையின் மேல்தளத்தில் கம்பளி உருண்டை மாதிரி சேரும் இந்த வெள்ளைப் பொருளுக்கு அவர் சொல்லும் பெயர் பொம்ஃபோலிக்ஸ். கண்ணுக்கும் புண்ணுக்கும் போட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தின் கெர்மான் வட்டாரம் வழியாகப் போன மார்க்கோ போலோ, கூபனான் என்ற ஊரில் இதைச் செய்யும் முறையையே விவரிக்கிறார். ஒருவகை மண்ணை உலையில் போட்டு மேலே இரும்புக் கம்பிவலை வைப்பார்கள், எழும் புகை வலையில் ஒட்டும், ஒட்டியதே தூத்தியா என்னும் கண் மருந்து. இன்றைக்குக் கறுப்பு நிற ஐலைனர் வாங்குபவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள், ஒருகாலத்தில் கண்ணுக்கு வெள்ளை மருந்துக்குத்தான் ஏக கிராக்கி.

தூத்தியா என்ற பெயரைப் புகையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லோடு தொடர்புபடுத்துவார்கள். நம் காதுக்கு அது அந்நியமாக இல்லை. மயில்துத்தம், வெண்துத்தம் எல்லாம் நாட்டு மருந்துக்கடையில் இன்றும் புழங்கும் பெயர்கள். துத்தநாகம் என்பதில் இருப்பதும் அதே துத்தம். கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களில் 'டூட்டனேக்' என்றொரு சரக்கு அடிக்கடி வரும், அது நம் துத்தநாகத்தின் உறவுக்காரச் சொல்தான். கன்டனிலிருந்து திரும்பி, ஊர்த் துறைமுகத்தின் வாசலிலேயே பாறையில் மோதி 1745இல் மூழ்கிய ஸ்வீடன் கப்பல் கோத்தபோர்க்கில் தேயிலை, பீங்கானோடு டூட்டனேக் கட்டிகளும் இருந்தன.

உலோகத்தைப் பிடித்தவர்கள் ராஜஸ்தானின் ஜாவர் மலைக்காரர்கள். இது எஞ்சினியராக எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1980களில் பிரிட்டிஷ் மியூசியம், பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம், இந்துஸ்தான் ஜிங்க் மூன்றும் சேர்ந்து அங்கே அகழ்ந்தபோது, வேலை பாதியில் நின்றுபோன உலைகள் அப்படியே கிடைத்தன. ஒவ்வோர் உலையிலும் 36 மண் குடுவைகள், ஆறுக்கு ஆறு வரிசையில், தலைகீழாக. குடுவையின் வடிவம் கத்தரிக்காய். ரசரத்ன சமுச்சயம் என்ற சமஸ்கிருத ரசவாத நூல் இந்தக் குடுவையைக் கத்தரிக்காய் மூசை என்றே சொல்கிறது. மேலே போகத் துடிக்கும் ஆவியை அவர்கள் கீழ்நோக்கித் தள்ளினார்கள். குடுவையின் வாய் துளையிட்ட தட்டு வழியாகக் கீழே இருக்கும் குளிர்ந்த அறைக்குள் திறக்கும். ஆவிக்கு வேறு வழி இல்லை. காற்றைப் பார்க்காமல் கீழிறங்கிக் குளிர்ந்து சொட்டாக விழும். சாராயம் வடிக்கும் வாலையைக் கவிழ்த்துவைத்த மாதிரி. ஐரோப்பாவில் தொழில்முறையாகத் துத்தநாகம் வடித்தது 18ஆம் நூற்றாண்டில்தான். ஜாவரில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மலைமலையாகக் காலிக் குடுவைகளைக் குவித்துவிட்டார்கள். அங்கே உள்ள வீடுகளின் சுவரில் செங்கல்லுக்குப் பதிலாக அந்தக் குடுவைகள் இருக்கும் படங்களைப் பார்த்தேன்.

ஆனால் ஜாவரைப் பற்றிப் பெருமைப்படும்போது நாம் தாண்டிப்போகும் ஒரு விஷயம் உண்டு. அது துத்தநாகச் சுரங்கம் மட்டுமல்ல, ஈயச் சுரங்கமும்கூட. இரண்டும் ஒரே பாறையில் ஒட்டிப் பிறந்தவை. உலகத்தில் பெரும்பாலான துத்தநாகக் கனிமத்தின் நிலைமை இதுதான், கூடவே ஈயம் இருக்கும், கொஞ்சம் காட்மியம் இருக்கும். சொல்லிலேயே இந்தக் குழப்பம் ஏறியிருக்கிறது. சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். நாக பற்பம் அதிலிருந்து செய்வது. ஆயுர்வேதத்தில் நாக என்றால் ஈயம். அங்கே நாக பஸ்பம் ஈயத்தில் செய்வது, துத்தநாகத்துக்கு யசத என்று வேறு பெயர். பெயர் ஒன்று. ஒன்று உடம்புக்குத் தேவையான தாது, இன்னொன்று நரம்பைத் தின்னும் விஷம். இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, ஏனென்றால் நான் சொல்லவரும் பொருளின் இரண்டு வடிவமும் வெள்ளை மாவுதான்.

*

1817இல் ஜெர்மனியில் நடந்த ஒரு சம்பவத்தைப் படித்தபோதுதான் 'ரப்பர் கிரேட்' எனக்குப் புரிய ஆரம்பித்தது.

ஃப்ரீட்ரிக் ஸ்ட்ரோமையர், கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர். கூடவே ஹனோவர் அரசின் மருந்துக்கடைகளைச் சோதிக்கும் அதிகாரி. ஹில்டெஸ்ஹைம் பக்கம் சோதனைக்குப் போனவர், அங்கே துத்தநாக ஆக்ஸைடு இருக்கவேண்டிய இடத்தில் துத்தநாகக் கார்பனேட் விற்கப்படுவதைப் பார்த்தார். கார்பனேட்டைச் சூடாக்கினால் ஆக்ஸைடு கிடைக்கும், அது எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஆறினால் வெள்ளையாக வரவேண்டும். வந்தது மஞ்சள். இரும்பு கலந்தால் மஞ்சள் வரும், ஆனால் இரும்பு இல்லை. இன்னோர் ஊரில், மக்டேபர்க்கில், மருத்துவ அதிகாரி ஒருவர் மருந்துக்கடைத் துத்தநாக ஆக்ஸைடில் மஞ்சள் வீழ்படிவைப் பார்த்து ஆர்செனிக் என்று பயந்து அதைத் தடுத்துவைத்தார். ஆர்செனிக் இல்லை. ஸ்ட்ரோமையர் அதைப் பிரித்துப் பார்த்தார், அதுவரை உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரு தனிமம். துத்தநாகக் கனிமத்தின் பழைய பெயரான காட்மியாவிலிருந்து அதற்குக் காட்மியம் என்று பெயரிட்டார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு தனிமமே மருந்துக்கடை ஆய்வில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய நாள் வரைக்கும் அந்தக் காட்மியம் யாரோ ஒருவருடைய புண்ணில் தடவப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். யார் கண்ணிலும் படாமல்.

*

சருமத்துக்கு வந்த வெள்ளைகளில் மூத்தது ஈய வெள்ளை. கிரேக்கப் பெண்கள் பூசினார்கள், ஐரோப்பிய ராணிகள் பூசினார்கள், ஜப்பானிய நடிகர்கள் பூசினார்கள். விலை குறைவு. வழவழவென்று ஒட்டும். ஒரு தடவை பூசினால் கீழே இருக்கும் தோல் தெரியாது. வீட்டுச் சுவருக்கு அடித்த வெள்ளைப் பெயின்டும் அதேதான். அதை அரைத்தவர்களுக்கும் அடித்தவர்களுக்கும் வயிற்றுவலி வரும், மணிக்கட்டு தொங்கிப்போகும், கடைசியில் புத்தி தடுமாறும். பெயின்டில் ஈயத்துக்குப் பதில் துத்தநாக வெள்ளையைப் போடலாம் என்று 1780களிலேயே பிரான்சின் டிஜோனில் கித்தோன் த மொர்வோ சொன்னார். விலை கட்டவில்லை. 1840களில் பாரிசில் லெக்லேர் என்ற பெயின்ட் கான்ட்ராக்டர், தன் ஆட்கள் ஈயத்தால் படுத்த படுக்கையாவதைப் பார்த்துவிட்டு, துத்தநாக வெள்ளையைப் பெரிய அளவில் மலிவாகச் செய்யும் வழியைக் கொண்டுவந்தார். (தொழிலாளிகளுக்கு லாபத்தில் பங்கு கொடுத்தவர் என்றும் இவருக்குப் பெயர் உண்டு. என் மேனேஜருக்கு இதை அனுப்பிவைத்தேன், பதில் இல்லை.) 1921இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, கட்டடங்களின் உட்சுவருக்கு ஈய வெள்ளை அடிப்பதைத் தடைசெய்ய ஓர் ஒப்பந்தமே போட்டது.

முகத்துக்கு?

ஜப்பானின் கதையைச் சொல்கிறேன். 1887 ஏப்ரல், வெளியுறவு அமைச்சர் இனோவே கவோரு வீட்டில் மெய்ஜி பேரரசர் முன்னிலையில் கபூக்கி நாடகம். இளம் நடிகர் நக்கமுரா ஃபுக்குசுக்கே, யோஷிட்சுனே வேடம். அசையாமல் இருக்கவேண்டிய காட்சியில் அவருடைய கால் நடுங்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. சபை நடுக்கம் என்று நினைக்கலாம். மருத்துவர்கள் சொன்னது நாட்பட்ட ஈய நஞ்சு. வருடக்கணக்காக முகத்திலும் கழுத்திலும் பூசிய ஒஷிரோய் என்ற வெள்ளைப் பவுடரின் வேலை. பேரரசர் பார்த்த நடுக்கம் என்பதால் பத்திரிகைகள் விடவில்லை. ஈயம் இல்லாத பவுடருக்கு ஆராய்ச்சி தொடங்கியது. ஆரம்பத்தில் வந்தவை முகத்தில் ஒட்டவில்லை, திட்டுத்திட்டாக நின்றன, நடிகர்களே வேண்டாம் என்றார்கள். 1904இல் 'மிசோனோ ஒஷிரோய்' என்ற ஈயமற்ற பவுடர் துத்தநாக ஆக்ஸைடைக் கொண்டு சந்தைக்கு வந்து நிலைத்தது.

நல்ல முடிவு என்று இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் 1900இல் ஜப்பான் அரசு நஞ்சுள்ள நிறப்பொருள்களைத் தடைசெய்து விதி கொண்டுவந்தபோது, ஈய முகப்பவுடருக்கு மட்டும் 'தற்போதைக்கு' என்று விலக்கு கொடுத்தது. அந்தத் தற்போதைக்கு, 1930களின் நடுப்பகுதி வரை நீண்டது.

அந்த இடைவெளியில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. ஜப்பானில் பால்குடிக் குழந்தைகளுக்கு ஒரு விசித்திரமான நோய். வாந்தி, வலிப்பு, வெளிறிப்போவது, பலருக்கு மரணம். பிழைத்தவர்களில் சிலர் பழையபடி ஆகவே இல்லை. மூளைக்காய்ச்சல் மாதிரி இருந்தது, ஆனால் கிருமி எதுவும் கிடைக்கவில்லை. மருத்துவர்கள் 'மூளைக்காய்ச்சல் எனப்படுவது' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 1920களில் கியோத்தோவில் குழந்தை மருத்துவர் ஹிராய் இகுத்தாரோ அது என்னவென்று கண்டுபிடித்தார். ஈயம். அம்மாக்கள் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் பூசிய பவுடர், பால் குடிக்கும் குழந்தையின் வாய்க்குள் போயிருக்கிறது. கடையில் அப்போது ஈயமில்லாத பவுடரும் இருந்தது. இரண்டு டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கும். இரண்டும் வெள்ளை.

இதைப் படித்தபோது மணி இரண்டு. அக்காவின் குரல்பதிவுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.

*

இப்போது மூட்டைக்கு வருவோம்.

துத்தநாக ஆக்ஸைடு செய்ய இரண்டு முக்கிய வழிகள் உண்டு. லெக்லேர் வழிக்கு பிரெஞ்சு முறை என்று பெயர். சுத்தமான துத்தநாக உலோகத்தைக் கொதிக்கவைத்து, ஆவியைக் காற்றில் எரித்து, படியும் மாவைப் பிடிப்பது. உலோகம் எவ்வளவு சுத்தமோ மாவும் அவ்வளவு சுத்தம். அமெரிக்க முறை 1850களில் வந்தது. உலோகம்வரை போகாமல், கனிமத்தையே நிலக்கரியோடு எரித்து நேராக மாவாக்குவது. மலிவு. ஆனால் கனிமத்தில் கூடவந்த ஈயமும் காட்மியமும் புகையோடு ஏறி மாவில் வந்து உட்காரும். பழைய துத்தநாகக் கழிவையும் எச்சத்தையும் வைத்துச் செய்வதும் உண்டு. மூன்றிலும் கிடைப்பது வெள்ளை மாவு. மூட்டையில் எழுதியிருக்கும் கிரேட் என்பது, எந்த அளவுக்கு மற்றது இருந்தால் பரவாயில்லை என்று வாங்குபவன் ஒத்துக்கொண்டதைச் சொல்கிறது.

ரப்பருக்குப் பரவாயில்லை. கந்தகம் ரப்பரைப் பிணைக்க துத்தநாக ஆக்ஸைடு ஊக்கம் கொடுக்கும், கொஞ்சம் ஈயம் இருந்தால் அந்த வேலை கெடாது. உலகத்தில் தயாராகும் துத்தநாக ஆக்ஸைடில் பெரும்பங்கு ரப்பருக்குத்தான் போகிறது, அதிலும் டயருக்கு. கார் டயர் ஆரம்பத்தில் கறுப்பே இல்லை, இந்த மாவால் வெளிறிப்போய்த்தான் இருந்தது. மிஷலின் பொம்மை இன்றைக்கும் வெள்ளையாக இருப்பதற்கு அதுதான் காரணம், கரித்தூள் கலக்கும் வழக்கம் பின்னால் வந்தது. கோலசிலாங்கூர் தோட்டத்தில் என் பாட்டி முப்பது வருடம் வெட்டிய பாலும் கடல் தாண்டிப் போய் எங்கேயோ இந்த மாவோடு கலந்திருக்கும். பாட்டிக்கு அது தெரியாது. அவர் முகத்தில் பூசியது மலாய்க்காரப் பக்கத்துவீட்டு அம்மா கற்றுக்கொடுத்த பெடாக் செஜுக். அரிசியை வாரக்கணக்கில் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி, அரைத்து, பொட்டுப்பொட்டாக வெயிலில் காயவைப்பது. வெயிலைத் தடுக்காது, சும்மா குளுகுளுவென்று இருக்கும். ஆனால் அரிசியில் கல் இருந்தால் பாட்டிக்குத் தெரியும்.

'வீட்டில் செய்தது' என்ற சொல் பெடாக் செஜுக்குக்குப் பொருந்துகிறது. துத்தநாக ஆக்ஸைடை யாரும் வீட்டில் செய்வதில்லை, மூட்டையில் வரும் மாவு உலையில் பிறப்பது. நாம் வீட்டில் செய்வது கிளறுவது மட்டும்தான்.

கிளறுவதைக் குறைத்துச் சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெர்லின் தோல் மருத்துவர் ஓஸ்கர் லாசர் கொடுத்த களிம்பு இன்றும் நிற்கிறது. துத்தநாக ஆக்ஸைடு கால் பங்கு, மாவுச்சத்து கால் பங்கு, பெட்ரோலியம் ஜெல்லி அரைப் பங்கு, அவ்வளவுதான். அக்காவின் செய்முறை அதிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை. கேலமைன் லோஷனின் இளஞ்சிவப்பு நிறமும் துத்தநாக ஆக்ஸைடில் அரை சதவீதம் அளவுக்கு இரும்பு ஆக்ஸைடு சேர்த்ததால் வருவது. ஈரத்தைத் தடுத்து, தோலுக்கு மேல் ஒரு சுவர் கட்ட இந்த மாவுக்குத் தெரியும். டயாப்பர் புண்ணுக்கு மாவு சுத்தமாக இருந்தால் போதும், கலக்குவதில் பெரிய வித்தை இல்லை.

சன்ஸ்கிரீன் அப்படி இல்லை. அங்கே எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் பேசுகிறது. துத்தநாக ஆக்ஸைடு புற ஊதாக் கதிரை நன்றாகவே பிடிக்கும், கிட்டத்தட்ட 380 நானோமீட்டர் வரைக்கும். அமெரிக்காவின் எஃப்டிஏ 1999இல் சன்ஸ்கிரீனுக்கு 25 சதவீதம் வரை அனுமதித்தது. மூக்கில் வெள்ளை பூசிக்கொண்டு ஓடிவரும் ஆலன் டொனால்டை கிரிக்கெட் பார்க்கும் மாமாக்களுக்கு நினைவிருக்கும். ஆனால் இந்த மாவின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டும். எங்கள் தொழிற்சாலையில் அதை உடைக்கத் தண்ணீரும் சோப்பு வகை ஒன்றும் சேர்த்து, பீங்கான் உருண்டைகள் போட்ட சுழலும் டிரம்மில் ஒரு நாள் முழுக்க அரைக்கிறோம். அப்படியும் ஒரு கட்டி தப்பினால் கையுறையில் ஊசிமுனை ஓட்டை விழும், அந்த லாட் முழுக்கத் திரும்பி வரும். தேங்காயெண்ணெயில் மாவைப் போட்டு கரண்டியால் கிளறினால் கிண்ணத்தில் அழகான வெள்ளை கிடைக்கும். தோலில் அது கட்டியும் இடைவெளியுமாகத்தான் படியும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் ஒளி வேறு, தோலைச் சுடும் கதிர் வேறு. எஸ்பிஎஃப் என்ற எண்ணை, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி, மனிதத் தோலில் விளக்கடித்து அளக்கிறார்கள். சமையலறையில் அந்த எண்ணுக்கு வழியில்லை. நம் ஊர் மதிய வெயிலில் அதை நம்பிப் போனால் மாலையில் தோல் சொல்லும்.

மறுநாள் வேலைக்குப் போனதும் சப்ளையர் அனுப்பிய சோதனைச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். மாதம் ஒரு தடவை கையெழுத்துப் போடும் தாள். துத்தநாக ஆக்ஸைடு 99க்கு மேல், ஈரப்பதம் இவ்வளவு, சல்லடையில் நின்றது இவ்வளவு. கீழே ஈயம் என்று ஒரு வரி. அதன் உச்சவரம்பு சதவீதத்தில், இரண்டு தசமத்தில் இருந்தது. இதற்குமுன் அதை நான் படித்ததாகவே நினைவில்லை. அழகுசாதனப் பொருளுக்கு ஆசியான் நாடுகள் ஒத்துக்கொண்டிருக்கும் ஈய வரம்பு 20 பிபிஎம்; காட்மியத்துக்கு 5, பாதரசத்துக்கு 1. சதவீதத்தில் இரண்டாம் தசமம் என்றால், ஆகச் சிறிய எண்ணான 0.01கூட 100 பிபிஎம். ஐந்து மடங்கு. சரக்கில் உண்மையில் அதைவிடக் குறைவாகவே இருந்திருக்கலாம். ஆனால் குறைவாக இருக்கவேண்டும் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் லேபில் ஈயத்தை அளக்கும் கருவியே கிடையாது, தேவைப்பட்டதில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு போனேன். கியோத்தோ கதையைச் சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அந்தம்மாங்க எல்லாம் வெஷம்னு தெரிஞ்சா பூசினாங்க? கடையில வித்துச்சு, வாங்கினாங்க" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

பிறகு உள்ளே போய் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். நான் இழுத்தடிப்பதைப் பார்த்து இணையக் கடையில் ஆர்டர் போட்டிருக்கிறாள். நூறு கிராம், எட்டு வெள்ளி. 'காஸ்மெட்டிக் கிரேட்' என்று அழகான ஸ்டிக்கர், பச்சை இலை படம். தயாரித்தது யார், எந்த லாட், எப்போது, எதுவும் இல்லை. பெரிய மூட்டையிலிருந்து பிரித்துக் கட்டியது என்று பார்த்தாலே தெரிந்தது. "இது ஓகேதானே? காஸ்மெட்டிக்னு போட்டிருக்கே" என்றாள். அங்கேயே உட்கார்ந்து விற்பவருக்குச் செய்தி அனுப்பி, சோதனைச் சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'ஜாங்ஙான் ரிசாவ் போஸ், நூறு சதவீதம் நேச்சுரல்', ஒரு சிரிப்பு பொம்மை.

இயற்கைதான். ஈயமும் இயற்கைதான்.

நம் நாட்டு சுகாதார அமைச்சு பாதரசம் கண்டுபிடித்த முகக் கிரீம்களின் பெயர்களை அவ்வப்போது வெளியிடுகிறது. அதெல்லாம் யாரோ சிவப்பழகுக்கு ஆசைப்பட்டுப் பூசுவது, நமக்கென்ன என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அக்கா சிவப்பாக ஆசைப்படவில்லை. பிள்ளைக்கு எரிச்சல் அடங்கவேண்டும், டியூபில் படிக்கவே வராத பெயர்கள் வேண்டாம், தன் கையால் செய்தது என்று ஒரு நிம்மதி வேண்டும். அதில் எதையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை கிளினிக் கெசிஹாத்தானில் தாதி ஒரு சிறிய டியூப் கொடுத்தார். பின்னால் பதிவு எண், லாட் எண், காலாவதித் தேதி, துத்தநாக ஆக்ஸைடு இத்தனை சதவீதம். ஒரு வாரத்தில் புண் வாடிவிட்டது. கிரீம் ஊற்ற வாங்கிய கண்ணாடிக் குப்பிகளில் அக்கா கடுகும் வெந்தயமும் போட்டு வைத்திருக்கிறாள். தேன்மெழுகு உதட்டுக்குப் போகிறது.

பொட்டலத்தை நான் வாங்கிவந்துவிட்டேன். ஷா ஆலாமில் ஒரு தனியார் லேபில் விசாரித்தேன். ஈயமும் காட்மியமும் மட்டும் பார்க்கவே பொட்டலத்தின் விலையைப்போல் பலமடங்கு கேட்டார்கள். சம்பளம் வரட்டும் என்று வைத்திருக்கிறேன். காரில் கையுறைப் பெட்டிக்குள், பச்சை இலை ஸ்டிக்கரோடு அப்படியே கிடக்கிறது.